இரண்டு டைல் குறைந்த வராண்டா

மார்ச் 3, திங்கள்

இன்றைய தவறு: நான்காவது நிமிடத்தில் "சூப்பர்" என்று சொல்லிவிட்டேன்.

புள்ளியியல் மாலை வகுப்பில் எங்கள் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அன்று வேலையில் செய்த தவறு முதல் வரியில் வர வேண்டும். சாக்குப்போக்கு மூன்றாவது பத்தியிலிருந்துதான் தொடங்கலாம். எனக்கு முதல் வரிக்கு இதுவரை பஞ்சம் வந்ததில்லை.

இது மூன்றாவது பத்தி. நான் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், நுரையீரல் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடுமையான நிமோனியாவில் விழுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் கிடந்து, பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் எங்களிடம் திரும்ப வருவார்கள். ஆறு நிமிடத்தில் அவர்களால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது என் வேலை. வராண்டாவில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஒன்றிலிருந்து புறப்பட்டு மற்றதைச் சுற்றித் திரும்ப வேண்டும், மறுபடி போக வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவேன். நேரம் முடிந்ததும், கடைசியாகத் தாண்டிய கூம்பிலிருந்து அவர் நின்ற இடம் வரை டேப் பிடித்து அளந்து, அதையும் கூட்டிக்கொள்வேன்.

நான் கூட நடக்கக் கூடாது. நடந்தால் அவர் என் வேகத்துக்கு வந்துவிடுவார். என் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் நான் சொல்ல வேண்டியது மேசையில் ஒட்டியிருக்கிறது. "நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடங்கள் உள்ளன." "இப்படியே தொடருங்கள். இன்னும் நான்கு நிமிடங்கள் உள்ளன." எல்லோருக்கும் அதே சொல், அதே குரல். ஒன்றரை வருடமாகச் சொல்லிச் சொல்லி அது வாயிலேயே குடியேறிவிட்டது. போன வாரம் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "நன்றாகத் தேய்க்கிறீர்கள். இன்னும் மூன்று பாத்திரங்கள் உள்ளன" என்றேன். ஈர ஸ்பான்ஜ் பறந்து வந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில் செய்ய ஒரு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். யாருக்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னை அறியாமலேயே ஒரு பக்கம் தாராளமாக அளந்துவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்தான். எனக்கே என் மேல் அந்தப் பயம் உண்டு.

"சூப்பர்" வாங்கியவர் கண்டக்டர். பேருந்தில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்தவர். பத்தொன்பது நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். டிசம்பரில் முதல் தடவை நடந்தபோது 212 மீட்டர். ஜனவரி நடுவில் 331. இன்று மூன்று மாதச் சோதனை. அவர் என்னை "செக்கிங்" என்றுதான் கூப்பிடுவார். கையில் தாளோடு உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைப் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் டிப்போவில் அதுதான் பெயராம்.

"என்ன செக்கிங், இன்னைக்கு நானூறு தாண்டிடுவோமா?"

"நடக்கும்போது பேசக் கூடாதுங்க."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"ஆரம்பிச்சப்புறம்."

"ஆரம்பிச்சப்புறம் பேசறதுக்கு மூச்சு எங்கம்மா இருக்கு? அதான் இப்பவே பேசி முடிச்சிடறேன். வீட்டுல நான் தினமும் என்ன பண்றேன் தெரியுமா..."

"சொல்லாதீங்க!" காதைப் பொத்திக்கொண்டேன்.

நானூறு என்பது எங்கள் கணக்கு இல்லை, டிப்போ மருத்துவரின் கணக்கு. மூன்று மாதச் சோதனையில் நானூறு மீட்டர் நடந்ததாக எங்கள் கடிதம் போனால் கண்டக்டர் மறுபடி பேருந்தில் ஏறலாம். இல்லாவிட்டால் நிரந்தரமாக உட்கார்ந்த வேலை. பயணிகள் தவறவிட்ட பொருட்களைப் பாதுகாக்கும் அறையில், குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அந்த அறைக்குப் பொறுப்பாளர், அவருடைய மனைவியின் தம்பி.

கூடவே வந்திருந்த அவர் மனைவியை எங்கள் பிரிவில் எல்லோரும் கண்டக்டரம்மா என்போம். அவருக்கு இதில் ஒரே கட்சிதான். "உக்காந்து பாக்கிற வேலை. தலைக்கு மேல ஃபேன். வெயில் இல்லை, மழை இல்லை, நெரிசல் இல்லை. மாத்திரை போட்டாரான்னு தம்பியே பாத்துப்பான். இதை விட்டுட்டு படிக்கட்டுல தொங்கணுமா?"

"பாத்தீங்களா செக்கிங்? வீட்டுல அக்கா, வேலையில தம்பி. நடுவுல நான் ஒளிஞ்சுக்க ஒரு பஸ்ஸாவது வேண்டாமா?"

நடந்தார். நான்காவது நிமிடத்தில் ஒன்பதாவது முறையாகக் கூம்பைச் சுற்றியபோதுதான் வாய் தவறியது. மொத்தம் பதிமூன்று நீளம். அதற்கு மேல் பதினான்கு மீட்டர். 404.

மூச்சு வந்ததும் முதல் வேலையாக மைத்துனருக்குப் போன் போட்டார். "மச்சான், அந்த நாற்காலியில எனக்குப் பதிலா ஒரு ஓட்டைக் குடையை உக்கார வச்சுக்கோ. வேலை நல்லா பாக்கும்." கண்டக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விதிமீறல் படிவத்தில் "சூப்பர்" என்று எழுதிப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். இந்த ஆய்வை நடத்துகிறவர் அவர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு சூப்பருக்கு எத்தனை மீட்டர்மா?" என்று கேட்டார். கேலிதான். ஆனாலும் பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.


மார்ச் 4, செவ்வாய்

இன்றைய தவறு: என்னவென்று இன்னும் தெரியவில்லை. ஆனால் இருக்கிறது.

மாலை வகுப்பில் அவரவர் வேலையிடத்து எண்களை வைத்து வரைபடம் போடச் சொன்னார்கள். நான் பெயரில்லாமல் வெறும் தேதியும் தூரமும் எடுத்துப் போயிருந்தேன். போன ஜூலை முதல் இன்று வரை. புள்ளிகளை வைத்து முடித்தபோது எனக்கே அழகாக இருந்தது. ஜனவரி இருபது வரை ஒரே மட்டத்தில் இருந்த கூட்டம், அதற்குப் பிறகு எல்லாமே ஒரு படி மேலே.

முதலில் பெருமைப்பட்டேன். பிறகு பயம் வந்தது. இரண்டு குழுவில் ஒரு குழு மட்டும் முன்னேறினால் அது சிகிச்சையின் பலன். அப்படி இருந்தால் பாதிப் புள்ளிகள்தான் மேலே போயிருக்க வேண்டும். இங்கே அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த பதினோரு பேரும் ஒற்றுமையாக, கிட்டத்தட்ட பதினைந்து மீட்டர் முன்னேறியிருக்கிறார்கள்.

என் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் ஒரு மீன் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா. தீவனக் கணக்குக்காகப் புள்ளியியல் படிக்கிறார். என் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்ன, உங்க ஆளுங்க எல்லாரும் ஒரே நாள்ல தேறிட்டாங்க?"

"அதான் எனக்கும் புரியலை அக்கா. நான் எல்லாரையும் அதிகமா உற்சாகப்படுத்துறேனோ?"

"ஜனவரி இருபதுக்கு முன்னாடி உம்முனு இருந்தியா?"

"அப்படி இல்லை."

"எங்க தொட்டி மீனெல்லாம் ஒரே நாள்ல எடை கூடினா நாங்க மீனைப் பாராட்ட மாட்டோம். தராசைத்தான் சந்தேகப்படுவோம்."

என்னிடம் தராசு எது? கடிகாரம் சரியாக ஓடுகிறது, மாதாமாதம் சோதிக்கிறோம். மிச்சம் இருப்பது வராண்டாதான். வராண்டா குளிருக்குச் சுருங்காது.

ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் நான் நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வி: "கூம்புகளின் இடைவெளி 30 மீட்டர் உள்ளதா?" ஒவ்வொரு நாளும் "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். பேனாவால்தான் போட்டேன். டேப்பால் இல்லை.


மார்ச் 5, புதன்

இன்றைய தவறு: இன்றையது அல்ல. முப்பத்திரண்டு வேலை நாட்களுடையது.

எட்டு மணிக்கே போய்விட்டேன். இரண்டாவது மாடியைச் சுத்தம் செய்கிறவரை எல்லோரும் மாப் அக்கா என்போம். டேப்பின் ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொன்னேன்.

"என்னம்மா, வராண்டாவுக்குத் துணி தைக்கப் போறியா?"

"ஆமா அக்கா, ஆடாம பிடிங்க."

இருபத்தெட்டு மீட்டர் எண்பது சென்டிமீட்டர்.

இன்னொரு முறை அளந்தோம். அதேதான். முனை மாற்றிப் பிடித்து அளந்தோம். அதேதான். தரையில் ஒவ்வொரு டைலும் அறுபது சென்டிமீட்டர். சரியாக இரண்டு டைல் குறைகிறது. கூம்பு நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் குறித்திருந்தோம். வராண்டாவின் கடைசியில் அந்தக் குறியைக் காணவில்லை. அதன் மேல் எடை பார்க்கும் புதிய மெஷின் கம்பீரமாக நின்றது.

"இந்த மெஷின் எப்ப அக்கா வந்தது?"

"பொங்கி வழிஞ்சுதே அந்தப் பைப்பை ரிப்பேர் பண்ணாங்களே, அந்தத் திங்கட்கிழமை. ஜனவரி இருபது. மெஷினை வச்சதும் உன் கூம்பு வழியில நின்னுது. யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்கன்னு நான்தான் இந்தப் பக்கம் நகர்த்தி வச்சேன். தினமும் துடைச்சிட்டு அதே இடத்துலதான் வைக்கிறேன். ஒரு இம்மி அசையாது." பெருமையாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, தப்பா?"

"உங்க தப்பு இல்லை அக்கா. நீங்க நகர்த்தினீங்க. நான்தான் 'ஆம்'னு எழுதினேன்."

அவர்கள் குறைவாக நடந்ததை நான் கூடுதலாக எண்ணியிருக்கிறேன். ஒரு நீளத்துக்கு ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். கண்டக்டருக்குப் பதிமூன்று நீளம், ஆகவே பதினைந்து மீட்டர் அறுபது. 404 என்று நான் எழுதியது உண்மையில் 388. நானூறுக்குப் பன்னிரண்டு மீட்டர் கீழே. வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தோடு அவர் டிப்போவுக்குப் போகிறார்.

பெரிய டாக்டரின் அறை வாசலில் இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாவது முறை உள்ளே போனேன். சொல்வதை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். உள்ளே போனதும் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. கூம்பு, மெஷின், டைல், டிக், மீன்.

"மீன் எதுக்கும்மா வருது?"

விளக்கினேன். அவர் வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் நல்லா தேறிட்டு வர்றாங்கன்னு போன வாரம் வீட்டுக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் பெருமையடிச்சேன். இப்ப அதையும் திருத்தணும். அதுக்குப் படிவம் இருக்கா?"

"இல்லை டாக்டர்."

"சரி. பழைய எண்ணை அடிக்காதே. பக்கத்துல திருத்தின எண்ணை எழுது, காரணத்தை எழுது. நெறிமுறைக் குழுவுக்கு நான் கடிதம் போடறேன். பதினோரு பேருக்கும் நாமளே சொல்லணும், அவங்க உடம்பைப் பத்தின எண் அது." பிறகு, "கண்டக்டருக்கு மூணு மாசச் சோதனைக்கான கெடு எப்ப முடியுது?" என்றார்.

"நாளைக்கு."

"அப்போ அவர் மறுபடி நடக்கலாம். குட்டை வராண்டால அடிக்கடி திரும்பணும், திரும்பும்போது வேகம் விழும். சரியான வராண்டால கொஞ்சம் கூடவே வரலாம். வராமலும் போகலாம். நீயே போன் பண்ணிச் சொல்லு."

'நீயே' என்றதைத் தண்டனையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், வேறு யார் சொல்ல முடியும்?

போனைக் கண்டக்டரம்மா எடுத்தார். "அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டிருக்கார்மா. காலையிலருந்து மூணாவது தடவை. அதுல இப்ப முகம் பாக்கலாம்."

சொன்னேன்.

"அப்போ நானூறு இல்லையா?"

"முன்னூத்தி எண்பத்தெட்டுங்க."

"நல்லா அளந்தியா?"

"மூணு தடவை."

"கடவுள் இருக்கார்" என்று மிக மெதுவாகச் சொன்னார். உடனே குரலை உயர்த்தி, "என்னங்க, ஆஸ்பத்திரியிலருந்து போன்! பாவம் அந்தப் பொண்ணு, என்னமோ சொல்லுது!" என்றார்.

கண்டக்டர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே எனக்குப் புதிது.

"செக்கிங், அன்னைக்கு நான் நடந்தது நடந்ததுதானே?"

"நடந்ததுதாங்க. தூரம்தான் குறைவு."

"கூம்பு தள்ளி நின்னது என் தப்பா?"

"இல்லீங்க. என் தப்பு."

"உங்க தப்புக்கு என்னை எதுக்கு இறக்கி விடறீங்க?"

நாளை பத்து மணிக்கு வந்தால் மறுபடி நடக்கலாம் என்பதை மட்டும் சொன்னேன். "ம்" என்றார். போனை வைத்துவிட்டார். ஒரு கேலிகூடச் சொல்லாமல் அவர் பேச்சை முடித்து நான் கேட்டதில்லை.


மார்ச் 6, வியாழன்

இன்றைய தவறு: கண்டக்டரிடம் கோபமாகப் பேசினேன். அதற்கு முன் நடந்ததையும் எழுதுகிறேன்.

எடை மெஷினை மாப் அக்காவும் நானும் சுவரோரம் தள்ளினோம். மஞ்சள் குறி வெளியே வந்தது. கூம்பை அதன் மேல் வைத்து அளந்தேன். முப்பது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை. முப்பது. அதன் பிறகுதான் டிக் போட்டேன்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். கண்டக்டர் எனக்கு வணக்கம் மட்டும் சொன்னார். விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டினேன். நீட்டிய விரலை நீட்டியபடியே வைத்திருந்தார். உறவினர்கள் வராண்டாவில் நிற்கக் கூடாது என்பதால் கண்டக்டரம்மாவைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன்.

புறப்பட்டார். நான் மேசைத் தாளில் இருந்ததை மட்டும் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். ஆறாவது நிமிடம் அவர் நின்றபோது பதிமூன்று நீளம் முடிந்து கொஞ்சம் தாண்டியிருந்தது. டேப் பிடித்தேன். எட்டு மீட்டர் நாற்பது.

398.

அவர் குனிந்து முழங்காலில் கை ஊன்றி நின்றார். மூச்சு திரும்பியதும் நேராக டேப்பைக் காட்டினார்.

"கூம்பைச் சுத்தி வந்தேன்ல? அந்த வளைவை அளந்தீங்களா?"

"வளைவைக் கணக்குல சேர்க்கிறதில்லைங்க."

"ஏன்? அந்த இடத்தை நான் பறந்தா தாண்டினேன்? ஒரு திருப்பத்துக்கு அரை மீட்டர் வை. பதிமூணு திருப்பம். ஆறரை மீட்டர் ஆச்சு. நானூத்தி நாலு!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் உண்மையிலேயே, இத்தனை நாளும் வளைவுகளையும் விட்டுவிட்டேனோ என்று கலங்கிப்போனேன். அந்தக் கலக்கத்தில்தான், "யாருக்கும் சேர்க்கிறதில்லை, உங்களுக்கு மட்டும் எப்படிச் சேர்க்க முடியும்? கொஞ்சம் பேசாம இருங்க!" என்று கத்திவிட்டேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

பெரிய டாக்டர் வெளியே வந்தார். "வளைவு எல்லாருக்கும் உண்டு, எல்லாருக்கும் விட்டுடறோம். உலகத்துல எந்த வராண்டாவிலும் அப்படித்தான்" என்றார். பிறகு, இந்தச் சோதனையில் விரும்பினால் ஒரு மணி நேர ஓய்வுக்குப் பிறகு இரண்டாவது முறை நடக்கலாம், எது கூடுதலோ அதுதான் கணக்கு என்று நினைவுபடுத்தினார். திங்களன்று அவருக்கு அது தேவைப்படவில்லை.

கண்டக்டர் தலையசைத்தார். "வேண்டாம் டாக்டர். இருந்த மூச்சு அவ்வளவுதான்." பெஞ்சில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார்.

கண்டக்டரம்மா என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனார். அவர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"ஏம்மா, ரெண்டு மீட்டர்தானே. எழுதிடக் கூடாதா?"

"நீங்களா கேக்கறீங்க? நேத்து கடவுள் இருக்கார்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போனை வச்சதுலருந்து இந்த மனுஷன் வாயே திறக்கலை. சாப்பிட வாங்கன்னா வந்தார். போதுமான்னா தலையாட்டினார். டிவியில நியூஸ் ஓடுது, ஒருத்தரையும் திட்டலை. பத்தொன்பது நாள் வாய்க்குள்ள குழாயோட கிடந்தப்ப, கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு நின்னேன். பேசலை, பேசலை, பேசலை. நேத்து வீட்டுக்குள்ளேயே அதே கண்ணாடி வந்துட்ட மாதிரி இருந்துது. அந்த நாற்காலியில ஃபேனுக்கடியில உக்காந்து இப்படியேதான் இருப்பார்னா, எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்."

"ரெண்டு மீட்டரை என்னால எழுத முடியாதுங்க. ஆனா அவர் நடக்கலாம்."

"நடப்பார்" என்றார்.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஒரு மணி நேரமும் நான் மேசையில் வேறு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன். காது மட்டும் பெஞ்சில் இருந்தது.

"தம்பி போன் பண்ணான்" என்று ஆரம்பித்தார் கண்டக்டரம்மா. பதில் இல்லை. "மாமாவுக்கு மேசையைத் துடைச்சு வச்சிருக்கானாம்." பதில் இல்லை. "காலையில ஒன்பதுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு, அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் டீ குடிக்கப் போகணுமாம்."

"அவன்கிட்ட நான் கேக்கணுமா?"

"பொறுப்பாளர் அவன்தானே."

"ஸ்கூல் படிக்கும்போது என் பஸ்ல டிக்கெட் எடுக்காம வந்து மாட்டினவன்டி அவன்!"

"அதெல்லாம் பழசு. இப்ப அவன் ஆபீசர்."

"ஆபீசராம்! குடைக்கு ஆபீசர்!"

அதன் பிறகு அந்தக் குரல் நிற்கவில்லை. மைத்துனர், டிப்போ மேலாளர், டிப்போ மருத்துவர், எடை மெஷின் வாங்கியவர், உலகத்தில் உள்ள எல்லா வராண்டாக்களிலும் வளைவை விட்டுவிடச் சொன்ன அந்த அறிவாளி என்று எல்லோருக்கும் வரிசையாகக் கிடைத்தது. எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கண்டக்டரம்மா கண்களை மூடி, சுவரில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானே போய்க் குறுக்கிட வேண்டியதாயிற்று. "ஓய்வுன்னா பேசாம இருக்கிறதுங்க."

"ஆரம்பிக்கட்டும், நிறுத்திடறேன்" என்றார். எழுந்து நின்றார்.

இரண்டாவது நடையில் முதல் மூன்று நிமிடம் முந்தையது போலவேதான் இருந்தது. "இப்படியே தொடருங்கள். இன்னும் இரண்டு நிமிடங்கள் உள்ளன" என்று சொன்னபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவில் ஒரு முகம் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். சாடை காட்டினேன். முகம் விலகியது, விரல்கள் மட்டும் கதவோரத்தில் இருந்தன. விரல்களைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. ஆக்சிஜன் 89 வரை இறங்கியது. நடையை நிறுத்தச் சொல்லும் எல்லைக்கு மேல்தான், ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

பதிமூன்றாவது நீளம் முடித்துத் திரும்பினார். நேரம் முடிந்ததும் "நில்லுங்கள்" என்றேன். நின்றார்.

இந்த முறை டேப்பின் ஒரு முனையை மாப் அக்காவிடமும் மறுமுனையைப் பெரிய டாக்டரிடமும் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் நான் படித்தேன். பதிமூன்று மீட்டர் பத்து. மறுபடி, பதிமூன்று பத்து. மூன்றாவது முறை, பதிமூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். மாப் அக்கா தும்மிவிட்டார்.

403.

கண்டக்டருக்குப் பேச மூச்சில்லை. நாலு விரலைக் காட்டினார். பிறகு விரல்களை வளைத்து ஒரு பூஜ்யம் காட்டினார். பிறகு மூன்று விரல். கண்டக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, முதுகைத் தடவினார்.

"சரி. முதல் ரெண்டு மாசம் சின்ன ரூட்தான். கூட்டம் இல்லாத பஸ். நானே டிப்போவுக்கு வந்து பேசுவேன்."

"பாத்தீங்களா... செக்கிங்..." என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கி. "தம்பிகிட்டருந்து... தப்பிச்சு... அக்காகிட்ட..."

"பேசாம மூச்சு விடுங்க" என்றார் கண்டக்டரம்மா. ஆனால் அவர் நிறுத்துவதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பழைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம். கிளம்பும்போது கண்டக்டர் என் மேசைக்கு வந்தார். "அளக்காம விட்டிருந்தா இந்த ரெண்டு நாள் அவஸ்தை இருந்திருக்காது, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"கடிதமும் இதேதான் வந்திருக்கும்."

"ஆமாங்க."

கொஞ்சம் யோசித்தார். "ஆனா படியில நின்னுக்கிட்டு, இந்த மூச்சு நெஜமா இல்லையான்னு தினமும் சந்தேகமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மனைவியின் பின்னால் போனார்.

அவர் சொன்னதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாரோ என்று ஒரு சந்தேகம். இருக்கலாம். மாலை முழுதும் விதிமீறல் படிவம் நிரப்பினேன். "தவறு எத்தனை வேலை நாட்கள் நீடித்தது" என்ற கட்டத்தில் 32 என்று எழுதினேன். "காரணம்" என்ற கட்டம் ஒரு வரிதான் இருந்தது: அளக்காமல் டிக் போட்டேன். "இனி தவிர்க்க நடவடிக்கை": கேள்விக்குப் பக்கத்தில் "ஆம்/இல்லை" கட்டத்தை எடுத்துவிட்டு, அளந்த எண்ணை எழுத ஒரு காலி இடம் வைக்கப்படும். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை கேலி செய்யவில்லை.

இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான கெடு முடிந்துவிட்டது. மறுபடி நடக்க வாய்ப்பு இல்லை. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு முதல் பதினாறு மீட்டர் வரை குறையும்.

நாளை: காலை எட்டரைக்கு வராண்டாவை அளந்து எண்ணை எழுதுவது. ஒன்பது மணியிலிருந்து பத்துப் பேருக்கும் போன் செய்து, திருத்திய தூரத்தையும் காரணத்தையும் சொல்வது. பட்டியலில் மூன்றாவது ஆளுக்குக் காது மந்தம். அவருடைய மகள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, பதினொன்றுக்கு மேல் கூப்பிட வேண்டும்.